நாற்பதாம் பக்கம்

மருத்துவக் கல்லூரியின் பின்வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதை நடத்துபவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அரை டாக்டர். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. ஒரு வகுப்புக்கும் போகாமல் இருபத்திரண்டு வருடத்தில் பாதி டாக்டராவது ஆகியிருக்கிறோமே என்று அவருக்குத் திருப்திதான்.

அந்தப் பாதி எவ்வளவு துல்லியமானது என்பது பெயர் வைத்தவர்களுக்கே தெரியாது. கடையில் இருந்தது பழைய இயந்திரம். தாளின் இரு பக்கமும் தானாக அச்சடிக்க அதற்கு வராது. முதலில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படைப் பக்கங்களை அடித்துத் தள்ளும். பிறகு அந்தக் கட்டைத் திருப்பி வைத்தால் பின்புறத்தில் இரட்டைப்படைப் பக்கங்கள். முதல் சுற்றில் தாள் சமர்த்தாக வரும். பக்கத்தில் நின்று படிக்கலாம். இரண்டாம் சுற்றிலோ ஏற்கெனவே சூடுபட்ட தாள் ஓரம் சுருண்டு உள்ளே போய்ச் சிக்கும். உருளையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. ஆகவே தூக்கம், குடல், மூளை, கோபம் பற்றி அவர் கற்றதெல்லாம் ஒற்றைப்படைப் பக்கங்களில் இருந்தவை. நடுவில் விடுபட்டதை அவரே இட்டு நிரப்பிக்கொள்வார். அறிவியலுக்கு அவருடைய பங்களிப்பு அது.

உட்கார்ந்தே இருப்பது இதயத்துக்குக் கேடு என்று ஓர் ஆய்வும், நின்றே இருப்பது கால் நரம்புக்குக் கேடு என்று இன்னொன்றும் ஒரே வாரத்தில் அச்சுக்கு வந்தன. இரண்டையும் அவர் நின்றுகொண்டே படித்தார். பேச்சுத்துணை இல்லாதவர்களின் ஆயுள் குறைகிறது என்று படித்த நாளில் வீட்டுக்குப் போய் மனைவிக்கு அதை ஒரு மணி நேரம் விளக்கினார். அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.

தூக்கம் வராமல் என்ன செய்யும்? அம்மாள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவர். காலையிலிருந்து மாலை வரை காலர் மட்டும்தான். முழுச் சட்டை ஒன்றை அவர் தைத்துப் பல வருடமாகிறது. வீடு மூன்றாம் மாடி. முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறுகிறவர், போன வருடம் இரண்டாம் மாடியில் நிற்கத் தொடங்கினார். பிறகு முதல் மாடியிலும் நின்றார். கணவர் இதைக் கவனிக்காமல் இல்லை. எந்தப் படியில், எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் குறித்தே வைத்தார். கையிலிருந்த பையை வாங்கிக்கொள்ளலாம் என்பது எந்த ஒற்றைப்படைப் பக்கத்திலும் வரவில்லை போலும்.

ஒருவழியாக மருத்துவமனைக்குப் போனார்கள். பன்னிரண்டாவது இருக்கவேண்டிய ரத்த அளவு எட்டு. "மாசாமாசம் இவ்வளவு போகுதே, ஏன்னு பாக்கணும். ஸ்கேன் எடுங்க. இப்போதைக்கு இரும்புச்சத்து ஊசி நாலு, வாரத்துக்கு ஒண்ணு," என்றார் டாக்டர்.

நாலு ஊசி என்றால் நாலு நாள் விடுப்பு. அம்மாள் யோசித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், மேற்படிப்புப் படிக்கும் இளம் பெண் டாக்டர் ஒருத்தி தன் ஆய்வேட்டைப் பென் டிரைவில் கொண்டுவந்து கடையில் கொடுத்தாள். தலைப்பு: தொழிற்சாலைப் பெண்களின் ரத்தசோகையும் சோர்வும். முதல் சுற்று முழுவதையும் அரை டாக்டர் பக்கத்திலேயே நின்று படித்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்தின் முதல் வரியை நின்ற இடத்திலேயே மனப்பாடம் செய்தார்: 'பெண்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மூன்று மாதத்தில் சோர்வு நீங்கியது. வேறு சிகிச்சை தேவைப்படவில்லை.'

அன்று மாலை படியேறி வந்த மனைவியை உட்காரக்கூட விடவில்லை.

"ஊசி வேணாம். மூணு மாசம் பொறு. தானா சரியாயிடும்."

"யாரு சொன்னா?"

"ஆராய்ச்சி. உன்னை மாதிரி ஃபேக்டரிப் பொம்பளைங்களை வச்சுப் பண்ணது. பத்துல ஏழு."

"மிச்ச மூணு?"

"நீ எதுக்கு அந்த மூணுல போய் நிக்கிறே?"

அம்மாள் சரி என்றார். நம்பிச் சொல்லவில்லை. பின்னொரு நாள் தங்கையிடம் அவரே விளக்கினார்: "சரின்னு சொல்லக் கொஞ்சம் தெம்பு போதும். முடியாதுன்னு சொல்லத்தான் நிறைய வேணும். அப்போ அவ்வளவு இல்லை."

மூன்று மாதத்தில் சோர்வு நீங்கவில்லை. நோட்டில் நிமிடங்கள் கூடின. உதடு வெளுத்தது. காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்ததாக ஒரே நாளில் இரண்டு முறை திட்டு வாங்கி வந்தார். அரை டாக்டர் தினமும் வெயிலில் நிற்கச் சொன்னார், மதியம் இருபது நிமிடம் படுக்கச் சொன்னார். "மெஷினுக்கு அடியிலயா?" என்று கேட்டார் அம்மாள்.

அந்த இளம் டாக்டர் திருத்தம் செய்த ஆய்வேட்டோடு மறுபடி வந்தாள். முதல் சுற்று நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் சுற்றில் வழக்கம்போல ஒரு தாள் சிக்கியது. மூடியைத் திறந்து, சூட்டோடு சூடாக, விசிறி மடிப்பாய்க் கசங்கிக் கிடந்ததை இழுத்து எடுத்தார். முன்புறம் முப்பத்தொன்பது. பின்புறம் நாற்பது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் முழுசாகப் படித்த முதல் இரட்டைப்படைப் பக்கம் அதுதான். கடைசி வரி பாதியில் நின்றிருந்தது: 'இரும்புச்சத்து ஊசி நான்கையும் தவறாமல் போட்டுக்கொண்ட'

அடுத்த பக்கத்தின் முதல் சொல் அவருக்கு மனப்பாடம்: 'பெண்களில்'.

"டாக்டரம்மா, இந்த ஏழு பேரு..."

"ஊசி போட்டவங்கண்ணே. அதைத்தானே நாப்பது பக்கமா சொல்லிட்டு வர்றேன்."

"போடாதவங்க?"

"அது நாப்பத்திரண்டுல இருக்கு. பத்துல ஒருத்தருக்குச் சரியாச்சு."

"எப்படி?"

"அவங்க வேலையை விட்டுட்டாங்க." அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "யாருக்குண்ணே?"

அவர் கடை ஷட்டரை இறக்கினார். மணி பதினொன்று. ஆய்வேட்டின் பாதி உள்ளேயே மாட்டிக்கொண்டது.

மாலை வரை முதல் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். மனைவி வந்ததும் முதல் காரியமாகப் பையை வாங்கினார். அதிலேயே அம்மாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

சொன்னார். தாள் சிக்கியதிலிருந்து தொடங்கி, உருளை, சூடு, ஈரப்பதம் எல்லாம் சொல்லிக் கடைசியில்தான் தன் தப்புக்கு வந்தார். அம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கமும் படிச்ச டாக்டர்தானே அன்னிக்கே ஊசி போடச் சொன்னாங்க."

"திட்டும்மா. நல்லாத் திட்டு."

"தெம்பு வரட்டும். சேத்து வச்சுத் திட்டுறேன்."

மறுநாள் ரத்தம் ஆறு. டாக்டர் தாளை மேசையில் போட்டார். "எட்டா இருந்தப்பவே சொன்னேன். மூணு மாசமா எங்க போயிருந்தீங்க?"

அரை டாக்டர் வாயைத் திறந்தார். அதற்குள் அம்மாள், "லீவு கிடைக்கலை டாக்டர்," என்றார். அந்தப் பொய்க்கு அரை டாக்டர்தான் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை என்பதுதான் தண்டனை.

உடனே படுக்கச் சொன்னார்கள். முதலில் ரத்தம் ஏற்றவேண்டும், பிறகு ஸ்கேன், பிறகுதான் மற்றது. நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொடுத்தாள். அரை டாக்டர் ஜன்னல் பக்கம் நகர்ந்து முதல் வரியிலிருந்து படித்தார். திருப்பினார். பின்புறத்தையும் படித்தார். விட்டுப்போயிருக்குமோ என்று மறுபடி முன்புறத்துக்கு வந்தார்.

"சார், கையெழுத்து போட்டாத்தான் ரத்தப் பையை மாட்ட முடியும்," என்றாள் நர்ஸ்.

"ஒரு நிமிஷம்மா. ரெண்டாவது பக்கத்துல ஒரு வரி..."

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"படிக்காம ஒரு மூணு மாசம். படிச்சு இன்னொரு மூணு மாசமா? போடுங்க."

போட்டார். பை மாட்டப்பட்டது. முதல் சொட்டு இறங்கும்போது மதியம் இரண்டு மணி. இருபது நிமிடம் போதும் என்று ஆராய்ச்சி சொன்ன தூக்கத்தை அம்மாள் நாலு மணி நேரம் தூங்கினார். அவர் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். நோட்டை எடுக்கவில்லை.