உப்பு குடித்த சுவர்

காஞ்சிபுரத்தில் நாங்கள் வீடு கட்டியது அறுபதுகளின் நடுவில். வாசல் சுவருக்கு இடுப்பு உயரத்துக்குக் கடப்பாக் கல் பதித்தே ஆகவேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். பார்ப்பதற்குத்தான் அது கருங்கல் மாதிரி. உள்ளுக்குள் சுண்ணாம்புக் கல், அப்பளக் கட்டு போல ஏடு ஏடாக இருக்கும். எனக்கு இது தெரிந்ததெல்லாம் பிற்பாடுதான்.

பக்கத்தில் பாயின் உப்புக் கடை. கடைக்குள் கொள்ளாத மூட்டைகளை எங்கள் சுவரில் சாய்த்து வைப்பார். எங்கள் பெண்ணுக்கு வலிப்பு வந்த அன்று, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர். அந்த மனிதரிடம் மூட்டையை நகர்த்துங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

ஐப்பசி மழையில் மூட்டைகள் கசிந்தன. கல் அதைக் குடித்தது. தை வெயிலில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். உப்பு போய்விட்டது என்று நினைத்தால், அது கரைந்து இன்னும் உள்ளே இறங்கியிருக்கிறது. காய்ந்ததும் ஏடுகளை நெம்பிக்கொண்டு வெளியே வந்தது. கல் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டு, "சுவரு சொறி புடிச்சுக்கினு நிக்குது பாரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பாய்க்கும் கேட்டது. அன்று சாயங்காலமே மூட்டைகள் உள்ளே போய்விட்டன. அவரும் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கோபமென்றால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். அவருக்கு வந்தது கூச்சம்.

மூட்டை போயும் உதிர்வது நிற்கவில்லை. அதைப் பார்த்தால் பாய் இன்னும் குன்றிப்போவார் என்று எனக்குப் பதைப்பு. தெருவில் தறிச் சத்தம் கேட்பதற்கு முன்பே எழுந்து தூளைப் பெருக்கி அள்ளிவிடுவேன். வருடக் கணக்கில் அதுதான் என் முதல் வேலை. இடுப்பு ஒடிந்துபோயிற்று. சுவரைத் திட்டிக்கொண்டேதான் பெருக்குவேன்.

ஒரு பங்குனியில் தூளைக் காணோம். மறுநாளும் இல்லை. அப்பாடா, கல்லுக்கே சலித்துவிட்டது என்று நினைத்தேன். சில நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு ஒரு நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் விழிப்பு வந்து கதவைத் திறந்தால், பாய் எங்கள் வாசலில் குந்தியிருந்தார். கல் தூளைக் கையால் வழித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். முட்டி இடம் கொடுக்கவில்லை.

"நீ இடுப்பப் புடிச்சுக்கினு பெருக்கறத ஒரு நாள் பாத்துட்டேம்மா," என்றார் தலையைத் தூக்காமல். "எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே செய்யற? இன்னும் கொட்டிக்கினே இருக்குதே."

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"சுவரு போனா போவுது பாய். நீங்க எங்ககூடப் பேசுங்க."