ரோஜா வீட்டு உயில்

எழுதிய தாளில் வரிக்கு வரி விரல் வைத்து, தேவமணி சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெயருக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. திருத்தங்கலில் பத்திரம் எழுதும் அவர், பழைய பத்திரங்களைப் படித்தே தொழில் கற்றவர்.

பட்டாசுத் தொழிலாளி முனியராஜ், காது கேளாத மகள் ரோஜாவுக்கு வீட்டை எழுதிவைக்க வந்திருந்தார். தனக்குப் பிறகு அவளை யாரும் வெளியேற்றிவிடக் கூடாது என்பதே அவர் கவலை.

“உயிலை நிறைவேத்தி வைக்க யாரைப் போட?”

“தம்பிதான், அண்ணாச்சி.”

“பிள்ளை கையால சொல்றது அவருக்குப் புரியுமா?”

“அவனுக்குச் சத்தம் போடத்தான் தெரியும்.”

“வேற யாருக்குப் புரியும்?”

“பக்கத்து வீட்டு நர்ஸ் பெர்சிஸுக்கு. ரெண்டு பேரும் கையாலயே என்னைய கேலி பண்ணுவாக.”

“அவுக சம்மதத்தைக் கேட்டுட்டு வாங்க.”

மறுநாள் முனியராஜுடன் பெர்சிஸும் ரோஜாவும் வந்தார்கள். காலியிடத்தில் பெர்சிஸின் பெயரை எழுதிய தேவமணி, உயிலை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒவ்வொரு வரியையும் பெர்சிஸ் ரோஜாவுக்குக் கையால் சொன்னார். முனியராஜும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டதும் தேவமணி உயிலை நீட்டினார். முனியராஜ் அதை வாங்கி பெர்சிஸிடம் கொடுத்தார்.