சீமை ராட்டினத்துக்குச் சுறா எண்ணெய்

முதல் ஜெர்மன் சண்டை முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். எண்ணூர் முகத்துவாரத்தில் நடந்தது. எனக்கு ஊர் காத்திவாக்கம். வாரநாளில் கடலுக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உப்பங்கழியில் தோணி தள்ளுவேன், ஒரு ரயில் டிரைவருக்காக.

அவர் சட்டைக்காரர், வெள்ளைக்கார வம்சம் கலந்தவர். ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். தொரை என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் பேச்செல்லாம் எங்கள் பேச்சு. வயதும் என் வயதுதான். கூட்ஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மெயில் வண்டிக்கு அடுத்து அவர் முறை என்று சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றி வாராவாரம் பேசுவார். பாலத்தின் மேல் மெயில் போகும்போது தூண்டிலை மடியில் வைத்துவிட்டு, அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்ப்பார்.

சைக்கிள் வாங்க வைத்திருந்த பணத்தைப் போட்டு அவர் சீமையிலிருந்து தூண்டில் ராட்டினம் ஒன்று வரவழைத்தார். ரீல் என்பார். எங்களுக்கு ராட்டினம். கப்பலில் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் பித்தளை, கறுப்புக் கட்டை, பக்கத்தில் நட்சத்திரம் மாதிரி ஒரு திருகு. மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடும்போது அந்தத் திருகை இறுக்கினால் ராட்டினம் பிடித்துக்கொள்ளும். மீன் இழுத்து இழுத்துக் களைத்துப்போகும்.

கரையில் இருந்தவர்கள் விடவில்லை.

"சைக்கிள் வாங்கப் போறேன்னியே தொரை, சக்கரம் மட்டும்தான் வந்துதா?"

"மிச்சம் அடுத்த கப்பல்ல வருது, நைனா," என்றார் அவர்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டது பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவார். நூல் முழுவதையும் உருவி நிழலில் காயவைப்பார். ஈரத்தோடு விட்டால் சீமை நூல் இற்றுப்போகும். அச்சில் ஒரே ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். பிறகு திருகைத் தளர்த்தி, பழைய பனியனில் சுற்றி வைப்பார். என்னைத் தொடவிட்டதில்லை. எனக்கு அது கொஞ்சம் உறுத்தல்தான்.

ஒரு ஞாயிறு முகத்துவாரத்தில் அலை ஏறி தோணிக்குள் தண்ணீர் புகுந்தது. தூண்டில் தவறி விழுந்து, ராட்டினம் கரையோரச் சேற்றுமணலில் புதைந்துவிட்டது. எடுத்துச் சுற்றினால் கறகறவென்றது. அவர் உடனே ரயிலைப் பிடித்தாக வேண்டும். அன்றிரவு டூட்டி.

"நல்ல தண்ணில அலசி நெழல்ல வையி. தொறக்காத. நான் வந்து பாத்துக்கறேன்," என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அலசினேன். கறகறப்பு போகவில்லை. உள்ளே மணலை வைத்துக்கொண்டு ஒரு வாரம் கிடந்தால் பித்தளை என்னத்துக்கு ஆகும் என்று தோன்றியது. தூண்டில் பையில் அவருடைய சின்னத் திருப்புளி இருந்தது. திறந்துவிட்டேன்.

மணலைத் துடைத்தேன். அது சரிதான். அந்த நட்சத்திரத் திருகுக்கு அடியில் வில்லை வில்லையாக நாரில் அழுத்திச் செய்த வட்டுகள் அடுக்கியிருந்தன. எல்லாம் காய்ந்து வெளிறிக் கிடந்தன. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. வெயிலில் வெடித்த தோணிப் பலகை மாதிரி இருந்தது. நாங்கள் மரம் காய்ந்தால் சுறா எண்ணெய் பூசுவோம். கயிறு முறுக்கேறினாலும் அதுதான். வீட்டில் மொந்தையில் எப்போதும் இருக்கும்.

மொந்தையை எடுத்தபோது என் பெண்சாதி பார்த்துவிட்டாள்.

"இன்னாய்யா பண்றே? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"காஞ்சதுக்கு எண்ணெ வெக்க எவன்கிட்ட கேக்கணும்? ஏழு தலமொறையா தோணி வெச்சிகினுகீறோம்."

"தோணி உன்னுது. இது அவர்து."

"போய் வேலயப் பாரு."

வட்டுகளை எண்ணெயில் ஊறவைத்தேன். நன்றாகக் குடித்தன. திரும்பப் பூட்டினேன். ராட்டினம் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. குப்பத்தில் எல்லோருக்கும் சுற்றிக் காட்டினேன். சீமைக்காரன் செய்ததை நான் சரிபண்ணிவிட்டேன் என்று பேசினேன். அதையும் சொல்ல வேண்டும்.

ஞாயிறு அவர் வந்தார். சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மணல் எங்க போச்சி? சோக்கா கீதே! இன்னா பண்ணே?"

"நம்ம கைல குட்த்துட்டு பேஜாராவலாமா தொரை?" என்றேன்.

திறந்தாயா என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. திருகை இறுக்கி நூலைக் கையால் இழுத்துப் பார்த்தார். பிடித்தது. கையால் மெல்ல இழுத்தால் பிடிக்கும், வேகத்தில் பிடிக்காது என்பது அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

வற்று முடிந்து தண்ணீர் ஏறத் திரும்புகிற நேரம். உயிரோடு ஒரு மடவை மீனைத் தூண்டிலில் கோத்துப் போட்டிருந்தார். கொடுவா மீன் ஒன்று அடித்தது. தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியபோது பார்த்தேன். அவ்வளவு பெரிய கொடுவாவை நான் வலையிலும் பார்த்ததில்லை. கரையில் ஆட்கள் ஓடிவந்து நின்றார்கள்.

"வுடாத தொரை! இறுக்கு, இறுக்கு!"

இறுக்கினார். மீன் கடலைப் பார்த்து ஓடியது. ராட்டினம் பிடிக்கவில்லை. இன்னும் இறுக்கினார். திருகு அதற்குமேல் திரும்பவில்லை. ராட்டினம் தன்பாட்டுக்குச் சுற்றியது. மீன் இழுப்பதைவிட வேகமாகச் சுற்றி, நூல் வளையம் வளையமாக மேலே கிளம்பியது. அதை அடக்க அவர் வலது கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ஒரு வளையம் விரலில் விழுந்தது. மீன் அந்த வேகத்திலேயே இழுத்தது.

அவர் கத்தவில்லை. "கத்தி" என்று மட்டும் சொன்னார். நான் நூலை அறுத்தேன். மீன் போனது. விரலில் எலும்பு தெரிந்தது.

என் தலைத்துண்டைக் கிழித்துக் கட்டினேன். அவர் இடது கையால் ராட்டினத்தை எடுத்தார். விளிம்பில் எண்ணெய் கசிந்திருந்தது. மூக்கருகில் கொண்டுபோனார்.

"சுறா எண்ணெயா?"

"ஆமா."

"தொறந்தியா?"

"ஆமா தொரை. வட்டு காஞ்சி கெடந்துச்சி."

ராட்டினத்தை மடியில் வைத்தார். பிறகு சொன்னார்: "எஞ்சின்ல எண்ணெ படக் கூடாத எடம் ஒண்ணே ஒண்ணு கீதுப்பா. பிரேக்கு."

அந்த வட்டுகள்தான் ராட்டினத்தின் பிரேக் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தோணியைத் தள்ளினேன். கரையில் ஒருவன், "இன்னா மச்சான், நீ சரிபண்ண ராட்டினம் மீனை இட்டாந்துச்சா?" என்று கத்தினான். துண்டில் ரத்தத்தைப் பார்த்ததும் தோணியைப் பிடிக்க ஓடிவந்தான்.

ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். காயம் ஆறியது. விரல் மடங்கவில்லை. உள்ளே நரம்பு அறுந்துவிட்டதாம். எஞ்சினில் கைப்பிடியை இறுகப் பிடிக்க முடியாதவனை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். அவரை ஷெட்டில் போட்டார்கள். மெயில் அவருக்குப் பின்னால் இருந்தவருக்குப் போனது.

பார்க்கப் போகவே எனக்குக் கால் வரவில்லை. பெண்சாதிதான் வஞ்சிர மீனைக் கையில் கொடுத்துத் துரத்தினாள். ராயபுரம் போய்க் கதவைத் தட்டினேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

அவர் திறந்தார். மேஜையில் ராட்டினம் பிரித்துக் கிடந்தது. எண்ணெய் குடித்த வட்டுகளைத் தூக்கிப்போட்டிருந்தார். புதிதாக வட்டு வெட்டி வைத்திருந்தார். பூட்ட முடியவில்லை. கடுகு மாதிரி திருகாணி. அதை எடுக்கக் கட்டைவிரல் வேண்டும். தரையெல்லாம் தேடியிருக்கிறார், முழங்காலில் தூசி.

"வந்தியா. மீன அங்க வையி," என்றார். "இத்தப் புடி. எனுக்கு ஒரு கட்ட வெரலு கம்மியாவுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. திருகாணியை எடுத்தேன். எதையும் தொடுவதற்கு முன்னால், "இத்தத் தொடலாமா தொரை?" என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது.

"இன்னாப்பா, பேஜார் பண்ற. பூட்டு."

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி வந்தார். தூண்டில் கழியை அவர் இடது கையில் தாங்கிக்கொள்வார். மீன் மாட்டினால் நான் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றுவேன். இரண்டு பேருமாக ஒரு கொடுவாவைக்கூட ஏற்றினோம். கரையில் கைதட்டினார்கள். அவர் அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தார். எண்ணெய்ப் பேச்சை அதற்குப் பிறகு ஒரு நாளும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் மனசுப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

மீனைத் தோணியில் போட்டுவிட்டு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பாலத்தில் மெயில் வந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை. "நூலு நனைஞ்சிகீது, சரியா சுத்து," என்றார்.

முன்பெல்லாம் அந்த வண்டி மறைகிற வரைக்கும் பார்த்தவர். அவர் அதைப் பார்க்காமல் குனிந்திருந்ததை நான் பார்த்தேன். எண்ணெய் வைப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் அந்த வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தோன்றுகிறது. துடுப்பை நிறுத்திவிட்டு, வண்டி பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் தலையைக் குனிந்துகொள்கிறேன்.