ஒச்சாயி லேசில் செருப்பைத் தரமாட்டாள்

ஏழு வருஷமாக என் சவாரியைக் கெடுத்துக்கொண்டிருப்பவள் இந்த ஒச்சாயி. மேலச் சித்திரை வீதியில் செருப்புப் பாதுகாக்கிற கடை அவளுடையது. நான் ஆட்டோவில் கூட்டிவரும் வெளிநாட்டுக்காரர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு டோக்கனை நீட்டினால் உடனே செருப்பு வரும். ஹாலந்துக்காரர் என்று தெரிந்துவிட்டால் வராது. அவர்கள் பாஷையில் ஒரு கேள்வி சொல்லிக் கொடுக்க வேண்டும். உச்சிவெயிலில் அந்தச் சனம் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதிக்கும். இவள் சாவகாசமாக, "இன்னொருக்காச் சொல்லு சாமி" என்பாள்.

கையை வாய்க்குக் கொண்டுபோவாள். கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்ப்பாள். தோளைக் குறுக்கி நடுங்கிக் காட்டுவாள். அவர்கள் சொல்வதைச் செருப்புத் தட்டின் கட்டங்களில் சாக்பீஸால் எழுதுவாள், அறிவொளி வகுப்பில் படித்த கோணல் எழுத்தில். ஹெப் யெ ஹெஹேத்தன், சாப்பிட்டியா. ஸ்லாப் யெ ஹூட், நல்லாத் தூங்குறியா. ஹெப் யெ ஹெட் கௌட், குளிருதா.

"நம்மள்ல கேள்வி வாலுல இருக்கும்ணே. அவுக செய்யிற வேலைய முன்னாடி தூக்கி வச்சிருவாக. 'நீ'ங்கிறது பெறகுதான்."

"ஆமா, கலெக்டர் பரிச்சைக்குப் போகப்போற!"

டிப்ஸ் கறக்கிற வித்தை என்றே நினைத்திருந்தேன்.

போன வாரம் ஒரு பெரியவர் பாதம் சிவக்கச் சிவக்க வந்து வண்டியில் ஏறினார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏத்தா, நீயெல்லாம் பிள்ளை பெத்தவதானா?" என்று கத்திவிட்டேன்.

அவள் டோக்கன் டப்பாவிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண். ஒச்சாயியின் அதே நெற்றி, அதே மூக்கு.

"எம் மக தங்கப்பொண்ணு. அவுக அப்பா செத்ததும் ஒரு விடுதியில விட்டேன். படிக்க வைக்கிற தாளுன்னாக, கைநாட்டு வச்சேன். தீவாளிக்குச் சட்டை எடுத்துக்கிட்டுப் போனா, ஹாலந்துக்குத் தத்துக் குடுத்தாச்சுங்கிறாக. அப்ப நாலு வயசு. இப்ப இருவது. இந்தப் போட்டோவோட கடுதாசி போட்டிருக்கா. வார தையில என்னையப் பாக்க வாராளாம். தமிழு ஒரு சொல்லு தெரியாதாம்."

தட்டுகளைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றுகூட ஊர் பார்க்க வந்தவனிடம் கேட்கிற கேள்வி இல்லை. இத்தனை வருஷம் என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்திருக்கிறது.

"கேட்டுப்புடுவ. அவ பதில் சொன்னா வெளங்குமா?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதாண்ணே?"

மேல்தட்டில் ஒரு கட்டம் மட்டும் எழுதாமல் கிடந்தது. அதை முந்தானையால் துடைத்தாள்.

"ஒங்களுக்கு இங்கிலீசு வரும்ல. ஹாலந்துக்காரவுக ஏறுனா ஒண்ணே ஒண்ணு கேட்டாந்து இதுல எழுதுங்கண்ணே. எனக்குச் சைகையில கேக்கத் தெரியல."

"என்னாத்தா?"

"'எம்மேல கோவமா?'"

சாக்பீஸை என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.