எண்ணெய் ஊற்ற மறந்தவர்

மலாக்காவில் அந்தக் காலத்தில் வாடகைக் கார் ஓட்டியவர் யாராவது இன்னும் மிச்சமிருந்தால், அவரிடம் என் அப்பாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அட, கியர் பாக்ஸுக்கு எண்ணெய் ஊத்த மறந்தாரே, அவரா?" என்பார். என்றுவிட்டுச் சிரிப்பார். அப்பா செத்த வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர்கூட வாசலில் உட்கார்ந்து அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்கென்று எடுத்துப்போன காப்பியை அப்படியே திருப்பி உள்ளே கொண்டுபோய்விட்டேன். மனுஷர் காப்பி வராத காரணம் தெரியாமலே வீடு திரும்பினார்.

அப்போது ஊருக்குள் காஜா பேராங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை. அத்தைக்கு எங்களை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஆனாலும் வீடு அவர் சொல்படிதான் நடந்தது. வாசலில் ஒரு கறுப்புக் கார் நிற்கும். யாரோ ஒரு துரை ஓட்டிக் களைத்து, இன்னொருவர் கைக்குப் போய், கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்த கார். அப்பா அதை வாடகைக்கு ஓட்டினார். எங்கள் அரிசியும் பருப்பும் என் பள்ளிக்கூடச் சட்டையும் அந்தக் காரிலிருந்துதான் வந்தன. எங்களுக்கு வேறு எதுவும் கிடையாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்த அன்றுதான், தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அங்கே கூலித் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம் அது. எத்தனையோ பேருக்கு அன்று வேலை போயிற்று. மற்ற வீடுகளிலெல்லாம் அதற்குத் துரை காரணம். எங்கள் வீட்டில் மட்டும் நான் காரணம்.

"பொறந்தன்னிக்கே அப்பன் வேலய முழுங்கினவ" என்பார் அத்தை. கோபத்தில் சொன்னாலாவது ஆறிப்போகும். வந்தவர்களுக்கு என்னை இன்னார் என்று காட்டும்போது, பெயரோடு சேர்த்து, சாதாரணமாகச் சொல்வார். காலையில் அப்பா காரை எடுக்கும் நேரத்தில் நான் எதிரே வந்துவிடக் கூடாது. "பின்கட்டுக்குப் போ புள்ள" என்று துரத்திவிடுவார். நான் அடுப்படி மூலையில் நின்று, கார் கிளம்பிப் போகும் சத்தம் ஓயும்வரை காத்திருப்பேன். அப்பா ஒருமுறை, "விடுக்கா, சின்னப் பிள்ளை" என்று சொல்லிப் பார்த்தார். "இல்லாததையா சொல்றேன்?" என்றார் அத்தை. இல்லாதது இல்லையே. அப்பா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், ஆன வருஷம் அது. காரின் முன்மூக்கில் அப்பா கட்டியிருந்த காகிதக் கொடி மழையில் நைந்து, குச்சியும் ஒரு கிழிசலுமாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் கார் முனக ஆரம்பித்தது. கியர் மாற்றும்போதெல்லாம் அடியிலிருந்து ஒரு ஊளை. சந்தியில் பட்டறை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே என்போம், காது கொடுத்துக் கேட்டுவிட்டு, வண்டியை விட்டுவிட்டுப் போ, பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் பட்டாள லாரிக் கொட்டகையில் வேலை செய்த கை தன்னுடையது என்ற கர்வம் அவருக்கு. பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றினால் தீர்ந்தது, இதற்குப் போய்ப் பட்டறைக்காரனுக்குக் கொட்டி அழுவதா என்றார். பிரிக்கக் கொடுத்தால் இல்லாத நோயையெல்லாம் கண்டுபிடிப்பான் என்றும் சொன்னார். அம்மா, இந்த ஒரு தடவை கடையிலேயே கொடுத்துவிடுங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். வயிற்றில் பிள்ளை, கைக்காசை அதற்கென்று பொத்தி வைத்திருந்தவளே அவள்தான். அவளே சொல்லியும் அப்பா கேட்கவில்லை.

சரஸ்வதி பூஜை அன்று பக்கத்து ஊரான செங்கில் ஒருவரை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவர், அந்தச் சூட்டோடு காரை முட்டுக்கொடுத்து நிறுத்தி அடியில் நுழைந்தார். சூடு இருந்தால்தான் எண்ணெய் முழுக்க இறங்குமாம். திருகைக் கழற்றியதும் கறுப்பாக, கெட்டியாக, பழைய பேசினுக்குள் விழுந்தது. நான் குந்திக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். வெயில் பட்டபோது எண்ணெயில் வெள்ளித் தூள் மினுங்கியது. "அப்பா, மினுக்குது பாருங்க" என்றேன். அப்பா விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. கியரின் பற்கள் தேய்ந்து விழுந்த தூள் அது என்று எனக்கு யார் சொல்வார்கள்? தீபாவளிச் சட்டையில் அப்படி மினுக்கம் வைத்துத் தைத்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன்.

அதற்குள் அத்தை வந்துவிட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, ஆயுதம் இல்லாமல் என்ன ஆயுத பூஜை என்று, ஸ்பேனர், புனல், பிரிக்காத புது எண்ணெய் டின் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். சாமி படத்துக்கு முன்னால் என் பாடப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அவை வரிசையாக உட்கார்ந்தன. எண்ணெய் டின்னுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு பூ. இனி மறுநாள் புனர்பூஜை முடியும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. அப்பா சிரித்துக்கொண்டே வெறும் கையால் திருகை மூடினார். "சரி, நாளைக்கு ஊத்திக்கலாம். வண்டி எங்க ஓடப்போவுது" என்றார். காருக்கும் மாலை போட்டோம். வயிற்றில் சொட்டு எண்ணெய் இல்லாமல் கார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மறுநாள் விடியும் நேரத்தில் அம்மாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. எனக்கு அடுத்துப் பிறக்க வேண்டியது ஒன்று, வீட்டிலேயே வைத்துப் பார்த்துப் பார்த்து, நேரம் கடந்து செத்துத்தான் பிறந்தது. அதனால் அம்மா போட்ட சத்தத்தில் வலியைவிடப் பயம்தான் அதிகம். அத்தை அவளைப் பிடித்துக்கொண்டு அறையில் இருந்தார். சந்தியில் மூன்று சக்கர மிதிவண்டியோடு நிற்கும் திரிஷாக்காரரையும் அந்த நேரத்தில் காணோம். அப்பா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

வந்தவர் நேரே சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். நான் தூணோடு ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து எண்ணெய் டின்னைக் கையில் எடுத்தார். பாகு மாதிரி எண்ணெய் அது. முட்டுக்கொடுத்து, அடியில் படுத்து, புனல் வைத்து ஊற்றினால் அது இறங்கி முடிய ஒரு சாப்பாட்டு நேரம் ஆகும். டின்னைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். உள்ளேயிருந்து அம்மா, "என்னங்க, இதுவும் போயிரும் போல இருக்குங்க" என்று அழுதாள். அப்பா டின்னைப் பழைய இடத்திலேயே வைத்தார். சரிந்த பூவைக்கூட நிமிர்த்தி வைத்தார். திரும்பியபோது நான் நிற்பதைப் பார்த்தார். "வண்டில ஏறு" என்றார். அவர் விரலில் குங்குமம் ஒட்டியிருந்தது.

அந்த அவசரத்திலும் அத்தை சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க மறக்கவில்லை. கார் அதை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. முதலில், அம்மாவை மாதாமாதம் பார்த்துவந்த மருத்துவச்சியின் வீட்டுக்கு, தெங்கேராவுக்குப் போனோம். அவர் கார்க் கதவோடு நின்று வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றார். வந்த வழியே திரும்பி, ஊரைக் கடந்து போக வேண்டும்.

அதற்கு முன்பே சத்தம் ஆரம்பித்துவிட்டது. ஊளை இல்லை இப்போது. அம்மியில் மணலைப் போட்டு அரைத்தால் எப்படி இருக்கும், அப்படி. முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பாதத்துக்கு அடியில் தகரம் சுட்டது. காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டேன். எதுவோ தீயும் நாற்றம் வந்தது. அம்மா கண்ணைத் திறந்து, என்ன சத்தம் என்று கேட்டாள். "ரோடு சரியில்ல. நீ கண்ண மூடிக்க" என்றார் அப்பா. அத்தை பின்னாலிருந்து முருகா முருகா என்று உரக்கக் கூவிக்கொண்டே வந்தார். அப்பாவின் இடது கை கியர்க் கம்பியின் குமிழை விடவே இல்லை. அந்தக் குமிழ் அதிர்வது எனக்கே தெரிந்தது. கியரின் ஒவ்வொரு பல்லும் உடைவதை அந்த உள்ளங்கையால் கேட்டுக்கொண்டுதான் அவர் ஓட்டியிருக்க வேண்டும். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. துடைக்கவில்லை. அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போது அடியில் படீரென்று ஒரு சத்தம். கார் அப்படியே நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அப்பா இறங்கி, அம்மாவை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு மேட்டில் ஓடினார். நானும் அத்தையும் பின்னால் ஓடினோம். மாலை போட்ட கார் நடு ரோட்டில் நின்றது.

தம்பி பிழைத்தான். அம்மாவும் பிழைத்தாள். வெயில் ஏறிய பிறகு ஒரு நர்ஸ் துணியில் சுற்றி அவனைக் கொண்டுவந்து அத்தையிடம் காட்டினாள். அப்போதுதான் அப்பா மேட்டுக்குக் கீழே போய்க் காரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

"காரு என்னடா ஆச்சு?" என்று கேட்டார் அத்தை.

"போச்சுக்கா. கியர் பாக்ஸ் ஒடஞ்சிருச்சு. இனிமே ஓடாது."

அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு துணிக்குள் இருந்த தம்பியின் முகத்தைப் பார்த்தார். "பொறக்கும்போதே..." என்று ஆரம்பித்தார்.

அப்பா முடிக்கவிடவில்லை. "நான் மறந்துட்டேன்கா. எண்ணெய் ஊத்தலங்கற நெனப்பே இல்ல. ஊத்தணும்னு நெனச்சிருந்தா ஊத்திட்டு வந்திருப்பேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றார்.

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. இல்லையே, டின்னைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாரே என்று சொல்லியிருப்பேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அத்தை பிள்ளையை மறந்துவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டார். பூஜை பண்ணி வைத்தது எதற்கு, இத்தனை வருஷம் வண்டி ஓட்டிய மனுஷனுக்கு இது தெரியாதா, உனக்கு மூளை இருக்கிறதா என்று அந்தத் தாழ்வாரமே கேட்கும்படி வைதார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார்.

பட்டறைத் தவுக்கே காரைக் கட்டி இழுத்துப்போய்ப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு பல் மிச்சமில்லை. வேறு கியர் பாக்ஸ் வாங்க எங்களுக்கு வழியில்லை. கார் இரும்பு விலைக்குப் போனது. எண்ணெய் இல்லாமலா ஓட்டினாய் என்று தவுக்கே மலாய் மொழியில் கேட்டபோதும், மறந்துவிட்டேன் என்றுதான் சொன்னார் அப்பா. பட்டறையில் சொன்னது சாயங்காலத்துக்குள் டாக்ஸி நிற்கும் இடத்துக்கெல்லாம் போய்விட்டது.

பெண்டாட்டி உயிருக்காகத் தெரிந்தேதான் ஓட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எந்த முதலாளியும் கூப்பிட்டு ஒரு வண்டியைக் கையில் கொடுத்திருப்பான். எண்ணெய் ஊற்ற மறக்கிற டிரைவருக்கு யார் வண்டி கொடுப்பார்கள்? ஊர் முழுக்க நடந்து கேட்டார். சிரித்தே அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஆற்றோரக் கிடங்கு ஒன்றில் காவல் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் ஒரு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எத்தனையோ நாள் வெறும் கஞ்சிதான். பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்தினார்கள். அம்மாவும் அத்தை சொன்னதையே நம்பினாள். கோபம் வரும்போது, மறதிக்கார மனுஷனைக் கட்டிக்கொண்டேன் என்பாள். அப்பா அதையும் கேட்டுக்கொண்டு சாப்பிடுவார்.

தம்பி மட்டும் செல்லமாக வளர்ந்தான். விஜயதசமியில் பிறந்த ராசியான பிள்ளை என்று அத்தை அவனை இடுப்பை விட்டு இறக்கமாட்டார். அப்பா வேலைக்குக் கிளம்பும்போது அவனைத்தான் எதிரே நிறுத்துவார்.

அப்படி ஒரு நாள். தம்பி அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். நான் வழக்கம்போலப் பின்கட்டில் நின்றிருந்தேன். அப்பா எதையோ எடுக்க வந்தவர் மாதிரி அங்கே வந்தார். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நீங்க மறக்கலையேப்பா. டின்ன எடுத்தீங்க. நான் பாத்தேன்."

"நீ ஒண்ணும் பாக்கல" என்றார் அப்பா.

"பாத்தேன்ப்பா. ஏன் பொய் சொன்னீங்க?"

முன்கட்டிலிருந்து அத்தை தம்பியை ராசா என்று கொஞ்சுவது கேட்டது. அப்பா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அடுப்படி மூலையையும் அதில் நின்றிருந்த என்னையும் பார்த்தார். என் தலையில் கையை வைத்தார். "நீ பொறந்தப்போ உனக்காக இப்படிச் சொல்ல எனக்குத் தெரியலம்மா" என்றார் கடைசியில்.

எதைச் சொல்லத் தெரியவில்லை என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மழுப்புகிறார், அத்தையின் திட்டுக்குப் பயந்துகொண்டு நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். வேலைக்கு நேரமாகிறதே, இன்னும் ஏன் கையை எடுக்காமல் நிற்கிறார் என்றும் நினைத்தேன்.