தெல்மிரா தூக்கிய ஜாடி

தெல்மிரா நோசாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மற்றபடி உடம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புவெர்தோ அல்மெந்த்ரோ விமான நிலையத்தின் எரிபொருள் தொட்டியை இருபத்திரண்டு வருடமாக அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு முன்னால் இருந்தவர் தொட்டி ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அந்த இடத்துக்கு வந்த ஆறு பேரில் ஏணியில் ஏறிக் காட்டியவள் இவள் ஒருத்தி. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

காலையில் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் பிடிப்பாள். விமான எரிபொருளுக்கு நிறம் கிடையாது. தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கும், நடுவே ஒரு கோடு தெரியும். ஜாடியை வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பாள். கோடு இல்லையென்றால் நல்லது. பிறகு சோதனைப் பசையைக் குச்சியில் தடவித் தொட்டிக்குள் விட்டுப் பார்க்க வேண்டும்; தண்ணீர் பட்டால் பசை நிறம் மாறும். அதன்பின் படிவத்தில் டிக் போட்டு, கையெழுத்துப் போட்டு, தேதி ஒட்டி, ஜாடியை அலமாரியில் வைக்க வேண்டும். பத்து நாளானதும் கொட்டிவிடலாம்.

பசை ஆகஸ்டிலேயே தீர்ந்துவிட்டது. நான்கு கடிதம் போட்டாள், பதில் வரவில்லை. படிவத்தில் பசைக்கான கட்டத்தை ஒருநாள் காலியாக விட்டாள். ஏன் காலி என்று கேட்டு மறுநாளே கடிதம் வந்தது. அதிலிருந்து டிக் போட்டுவந்தாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கேப்டன் ஃபானோர் மெல்காரின் ஒற்றை இன்ஜின் விமானம் ஒன்பது பேருடன் கிளம்பியது; நாலாவது நிமிடம் வானிலேயே இன்ஜின் நின்றுபோனது. அவர் அதை ஒரு மாட்டுப் பண்ணையில் இறக்கினார். ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, பண்ணைக்காரருக்கு வேலி போயிற்று, வேறு சேதமில்லை. விமானத்தின் ஃபில்டரில் தண்ணீர் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் தகராறு. விமானக் கம்பெனி எரிபொருள் கிடங்கைச் சொன்னது. கிடங்கு லாரியைச் சொன்னது. லாரிக்காரர் நிலையத்துத் தொட்டியைச் சொன்னார். நிலையம் கேப்டனைச் சொன்னது. தொட்டிக்கு சீல் வைத்தார்கள்.

ஆறாம் நாள் லா பாஸிலிருந்து விசாரணைக்கு இன்ஜினியர் கந்தாரியாஸ் வந்தார். மலை ஊர்க்காரர், வந்த அரைமணியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பயணிகள் கூடத்திலேயே மேசை போட்டார்கள்.

“ராத்திரி மழையில விமானத்தை வெளிய நிறுத்திட்டு, இறக்கையில இருக்கற டேங்க் மூடியை இறுக்க மறந்துட்டீங்க கேப்டன். அவ்வளவுதான் விஷயம்,” என்றார் நிலைய மேலாளர் ஹெர்லான்.

“மூடி வழியா வாளிக்கணக்கில தண்ணி இறங்குமாய்யா?” என்றார் கேப்டன். “இந்த லாரிக்காரனைக் கேளுங்க. லாரியைப் படகுல ஏத்தி ஆத்தைத் தாண்டறப்போ பாதியை வித்துட்டு, தண்ணியை ரொப்பியிருப்பான்.”

லாரிக்காரர் எலோய் திக்கோனா சிரித்தார். “வித்திருந்தா ஆத்துத் தண்ணியைத்தானே ரொப்புவேன்? நம்ம மமோரே ஆத்துத் தண்ணி கொக்கோ மாதிரி இருக்கும். உங்க ஃபில்டர்ல இருந்தது பளிச்சுனு இருக்கு. உங்களுக்காக நான் காய்ச்சி வடிகட்டியா கலப்பேன், கேப்டன்?”

“சண்டை போதும்,” என்றார் கந்தாரியாஸ். “அன்னிக்கு எடுத்த ஜாடி இருக்கா?”

தெல்மிரா அலமாரிக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை ஜாடியையும், ஒப்பிட்டுப் பார்க்க முந்தின நாள் ஜாடியையும் கைக்கொன்றாக எடுத்தாள். நாலடி போனதும் இடது தோள் இறங்கியது. நின்று, ஜாடிகளைக் கை மாற்றினாள். இப்போது வலது தோள் இறங்கியது.

இரண்டையும் தரையில் வைத்தாள். இரண்டும் தெளிவாக இருந்தன. எதிலும் கோடு இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் மூக்கு மரத்துவிட்டதால் மோந்து பார்த்துப் பயனில்லை. ஆனால் தண்ணீர் எரிபொருளைவிடக் கனம், கனமானது எது என்பதில் சந்தேகமில்லை: செவ்வாய்க்கிழமை ஜாடி முழுக்கத் தண்ணீர். அதை நல்லது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னும் நாலு நாளில் கொட்டவேண்டிய ஜாடி. ஜாடிகளை மறுபடி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நாலு மணி விமானத்துக்கு ஏழு பேர் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் கூடையில் சேவல்.

கந்தாரியாஸ் ஜாடியை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். “பளிங்கு மாதிரி இருக்கு. தொட்டியில தப்பில்ல. சீலை எடுத்துடுங்க. நாலு மணி விமானத்துக்கு இதிலேருந்தே போடலாம்.” கேப்டன் முகம் சுருங்கியது.

“ரெண்டு ஜாடியையும் தூக்கிப் பாருங்க ஐயா,” என்றாள் தெல்மிரா.

“எதுக்கும்மா?”

“தூக்குங்களேன்.”

“அக்காவுக்கு வெயில் ஒத்துக்கல போல,” என்றார் ஹெர்லான்.

கந்தாரியாஸ் தூக்கினார். கை மாற்றித் தூக்கினார். எழுந்து பெட்டி நிறுக்கும் தராசுக்குப் போனார். செவ்வாய்க்கிழமை ஜாடி இருநூறு கிராம் கூடுதலாக இருந்தது. தெல்மிரா ஒரு கரண்டி குழாய்த் தண்ணீரை முந்தின நாள் ஜாடியில் ஊற்றினாள். அது உருண்டு அடியில் போய்ப் படுத்தது. செவ்வாய்க்கிழமை ஜாடியில் ஒரு கரண்டி ஊற்றினாள். போன இடம் தெரியவில்லை.

“முழுக்கத் தண்ணின்னாலும் கோடு வராது ஐயா. அன்னிக்கு எனக்கு அது தோணல.”

“பசை காட்டியிருக்குமே? சோதிச்சதா டிக் போட்டிருக்கீங்க.”

“பசை ஆறு மாசமாக் கிடையாது. டிக் மட்டும்தான் போட்டேன்.”

ஹெர்லான் கண்ணை மூடிக்கொண்டார். கேப்டன் எழுந்து நின்றார். “தொட்டித் தண்ணியை எனக்கு ஊத்திட்டு, ஆறு நாளா என் மூடியைச் சொல்லிக்கிட்டிருந்தீங்களா? நல்லவேளை, இவளாவது என்னைக் காப்பாத்தினா.”

“உங்களுக்காகச் சொல்லல கேப்டன். நாலு மணி விமானத்துக்குத் தொட்டியைத் திறக்கலாம்னு ஐயா சொன்னாரு. அதுக்குத்தான்.”

விமானம் ரத்தானது. படகில் இரண்டு நாள் ஆகுமே என்று சேவல்காரர் அவளைத்தான் திட்டினார். “படகுல சேவலுக்கு இடம் தாராளமா இருக்கும்,” என்று சொல்லிவிட்டு அவள் தொட்டிக்குப் போனாள். வடித்ததில் மூன்று பீப்பாய் தண்ணீர் வந்தது.

தொட்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்பது முடிவாகவில்லை. திங்கள் சாயங்காலம் லாரி வந்திருந்தது. திங்கள் ராத்திரி மழையும் பெய்திருந்தது. ஆகவே தகராறு புதிதாகத் தொடங்கியது. கிடங்கு, லாரி, நிலையம், கம்பெனி நான்கும் வக்கீல் வைத்துக்கொண்டன. நடந்ததில் கையெழுத்து என்று இருந்தது தெல்மிராவுடையது மட்டும்தான். அதனால் நடவடிக்கை அவள் மேல் மட்டும் எடுக்க முடிந்தது. தொட்டி வேலையிலிருந்து நீக்கி, மிச்சமிருக்கும் மாதங்களுக்குத் தரை துடைக்கப் போட்டார்கள்.

மூன்றாவது விசாரணையும் அதே கூடத்தில்தான் நடந்தது. மழைக்காலம், வந்தவர்கள் பூட்ஸில் சேற்றோடு வந்தார்கள். மழையா, லாரியா என்று குரல் உயர்ந்துகொண்டிருந்தபோது தெல்மிரா வாளியோடு மேசைக்கு வந்தாள்.

“காலைத் தூக்குங்க,” என்றாள்.

நான்கு தரப்பும் காலைத் தூக்கியபடி பேச்சைத் தொடர்ந்தன.