தீர்த்தம் நிற்காத கை

தாயை நம்பி வந்திருக்கும் சனங்களே, என் கதையைக் கேளுங்கள். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் லோரியில் செம்பனைக் குலை ஏற்றியவன் நான். போன தீபாவளிக்கு முந்திய வாரம் லோரியின் பின்கதவு என் வலது கையில் விழுந்தது. எலும்பு கூடியது, நரம்பு செத்துவிட்டது. நான்கு விரல்களும் மடங்கவேயில்லை. "நீயே கவனமில்லாம கைய விட்டுட்டு யார கொற சொல்ற?" என்றார் எங்களை வேலை வாங்கும் மண்டோர். அந்த முகத்தைப் பார்க்க இன்றும் எனக்குப் பிடிக்காது.

நிரந்தர ஊனம் எவ்வளவு என்று சொல்ல மருத்துவக் குழுவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் சொல்வதை வைத்துத்தான் இழப்பீடு. கை நன்றாக இருக்கிறது என்றால் அதே லோரிக்குத் திரும்ப வேண்டும், முடியாது என்றால் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. டாக்டர் ஒரு தாளை நீட்டினார். பெரிய மனிதரிடம் இடது கையால் வாங்குவதா? கட்டைவிரலால் இடுக்கி வலது கையாலேயே வாங்கினேன்.

"அதான் பிடிக்குதே, கை ஓகே லா!" என்று சிரித்தார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சிறிய ஊனம் என்று எழுதிவிட்டார். அப்பீல் போட்டேன், நம்பிக்கையில்லாமல்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிட அல்ல, திட்ட. "சோத்தாங்கையால வாங்குன்னு வளத்தது உன் சனந்தானே? நீயே பதில் சொல்லு!" என்று மனதுக்குள் கத்தினேன்.

பூசாரி தீர்த்தம் ஊற்றினார். பழக்கத்தில் வலது கையை நீட்டினேன். உள்ளங்கை குழியவில்லை. ஒரு சொட்டு நிற்காமல் வேட்டியில் வழிந்தது. அவளுடைய தண்ணீர்கூட எனக்கில்லையா என்று அழுதுவிட்டேன். என் மனைவி செல்வி முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அழுவாதீங்க. இதையே டாக்டருங்ககிட்ட காட்டுங்க."

பேசியது செல்விதான். பேச வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அப்பீல் குழுவில் இருந்த டாக்டரம்மாவிடம், "இந்தக் கையில தண்ணி ஊத்திப் பாருங்க" என்றேன். தன் போத்தலிலிருந்து ஊற்றினார். மேசையெல்லாம் ஈரம். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். பெரிய ஊனம் என்று முடிவு மாறியது. வீடும் சோறும் தப்பின.

மண்டோரையும் முதல் டாக்டரையும் மன்னித்துவிடு என்கிறார்கள். மனம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தாயை விட மாட்டேன். நீங்களும் போங்கள். கும்பிட முடியாவிட்டால் சண்டை போடவாவது போங்கள், கேட்டுக்கொள்வாள்.

இப்போது தீர்த்தத்துக்கு இடது கையைத்தான் நீட்டுகிறேன். முதல் நாள் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். பூசாரி கை நிறைய ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தேன்.